217-ஆம் எண் தேவாங்கு

பெங்களூர் நீலசந்திராவில் முந்நூற்று எண்பத்தேழு தேவாங்குகள் வாழ்வதாக 2003 பிப்ரவரியில் விஞ்ஞானபூர்வமாகக் கண்டறியப்பட்டது. அவற்றில் முந்நூற்று நாற்பத்தொன்று கல்யாணமானவை.

இதைக் கண்டறிந்த இடத்துக்கு 'கல்வி, இயற்கைப் பாதுகாப்பு, சமூகப் பங்கேற்பு ஒருங்கிணைப்பு ஆய்வு மையம்' என்று பெயர். பெயர்ப்பலகை வாசற்கதவைவிட அகலமாகிவிட்டதால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். இயக்குநர் டாக்டர் மஞ்சுநாத் தம் வாழ்நாளில் ஒரே ஒரு படம் வரைந்தவர். மூன்று வட்டங்கள். ஒன்றில் கல்வி, ஒன்றில் பாதுகாப்பு, ஒன்றில் சமூகம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற நடு இடத்துக்குப் பச்சை நிறம். அங்கிருந்து ஓர் அம்பு புறப்பட்டு, 'நாம் இங்கே இருக்கிறோம்' என்று சொல்லும். இந்தப் படம் மையத்தின் சுவரில் இருந்தது, காலண்டரில் இருந்தது, டீக்கோப்பையில் இருந்தது. அந்தப் பச்சை இடத்தில் அப்படி என்னதான் நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறதா என்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு கேட்பார்களா?

கேட்காமலே தெரிந்துகொள்ள முயன்றவள் சங்கமித்ரா. கோலார் தங்கவயல்காரி, விலங்கியலில் எம்.எஸ்ஸி. மையத்தின் ஆய்வு உதவியாளர். நீலசந்திராவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். இரண்டு சந்து தள்ளி இருந்த அய்யாவு, அவள் அப்பாவோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு வந்து, மூடிக்கிடந்த ஒரு பிஸ்கட் கம்பெனியின் காம்பவுண்டுக்கு இரவு வாட்ச்மேன் ஆகியிருந்தார். ஒரு மூடிய இடத்திலிருந்து இன்னொரு மூடிய இடம். ஆள் ஒல்லி. கண் மட்டும் பெரிசு. இருபத்திரண்டு வருஷம் இருட்டைப் பார்த்த கண்.

அந்தக் கண்தான் முதலில் பார்த்தது. நவம்பரில் ஒருநாள் சாயங்காலம் சங்கமித்ராவைக் கூப்பிட்டு காம்பவுண்டுக்குள் அழைத்துப்போய் டார்ச்சுக்கு மேல் சிவப்புக் காகிதம் சுற்றி அடித்துக் காட்டினார்.

"அங்க பாரு பாப்பா. அது நட்சத்திரம் இல்ல. ரெண்டு ரெண்டா நகருது."

புங்க மரத்துக் கிளையில் இரண்டு தேவாங்குகள். பெண் தேவாங்கின் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. நகரத்துக்கு நடுவில், சுற்றிலும் மூன்று மாடி நான்கு மாடிக் கட்டடங்களுக்கு மத்தியில், ஒன்றோடொன்று கிளை கோத்துக்கொண்டிருந்த பதினோரு மரங்கள்தான் அவற்றின் முழு உலகம். தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளைக்குக் கிளை கைமாற்றிப் பிடித்துத்தான் போகும். நடுவில் ஒரு மரம் போனாலும் பாலம் அறுந்த மாதிரி.

சங்கமித்ரா ஏழு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டாக்டர் மஞ்சுநாத் கன்னடமும் இங்கிலீஷுமாகப் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இதுல சமூகம் எங்கே?"

"சார், அது மரத்துல இருக்கு."

"அதுதான் பிரச்சினை. மரத்துல விலங்கு இருக்குன்னா வெறும் பாதுகாப்பு. ஒரே ஒரு வட்டம். ஒரு வட்டத்தை வெச்சுக்கிட்டு நான் எங்கே போய் நிக்கறது?"

ஆகவே நீலசந்திராவில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு என்று முடிவாயிற்று. சமூகத்தின் குரலைக் கவனமாகக் கேட்பது எப்படி என்று பன்னிரண்டு நாள் பயிற்சிக்கு சங்கமித்ராவை மைசூருக்கு அனுப்பிவைத்தார்கள். அவள் அங்கே கேட்கக் கற்றுக்கொண்டிருந்த அதே பன்னிரண்டு நாளில் இங்கே சமூகம் பேசி முடித்துவிட்டது.

*

கேள்வித்தாள் இங்கிலீஷில் தயாரானது. அதைத் தமிழாக்கியவர் அலுவலக எழுத்தர் குணசேகர். வேலூர்க்காரர் என்பதே தகுதி. அகராதியைப் பார்த்துச் சரியாகத்தான் மொழிபெயர்த்தார். ஒன்பதாம் கேள்வி இது: 'தங்கள் இல்லத்திலோ சுற்றுப்புறத்திலோ தேவாங்கு உண்டா?'

அகராதியில் தேவாங்கு என்றால் ஒரு சிறிய இரவு விலங்கு. அவ்வளவுதான். நீலசந்திராவிலோ அகராதிக்கு நேரமில்லாதவர்கள் வசிக்கிறார்கள். அங்கே தேவாங்கு என்றால் ஒல்லியாக, முழிமுழி என்று முழித்துக்கொண்டு, எதைச் சொன்னாலும் மெதுவாகச் செய்கிற ஆண்பிள்ளை. தெருவில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை புழங்குகிற சொல்.

வீடு வீடாகப் போனவர் சில்வெஸ்டர். அதே பேட்டையில் பிறந்தவர், போலியோ சொட்டு மருந்து கொடுத்து எல்லா வாசலும் பழக்கம். ஒன்பதாம் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், ஏன் இல்லை, எப்போதிலிருந்து இல்லை, இல்லாததால் தங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று மேலும் பதினான்கு கேள்வி கேட்க வேண்டும். 'உண்டு' என்றால் ஐந்தே கேள்வி. வெயிலோ வெயில். சில்வெஸ்டருக்கு உண்டு என்கிற பதில் பிடித்திருந்தது.

அய்யாவு வீட்டுக்கு அவர் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அய்யாவுவின் மனைவி சரசு, ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியில் காலர் தைப்பவள், வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, வூட்ல தேவாங்கு இருக்குதா?"

"இருக்குதே. ஏன், உனுக்கு ஓணுமா? இட்டுகினு போ."

"கேள்வி கேக்கறதோட சரிக்கா. எத்தினி வருசமா இருக்குது?"

"பத்தொம்போது வருசம். எங்கப்பன் பாத்து கட்டி வெச்சிது."

"எப்ப தூங்கும்?"

"பகல் பூரா தூக்கந்தான். உள்ள எட்டிப் பாரு, இப்பக்கூட தூங்குது. இட்லி குண்டான உருட்டி விட்டாக்கூட எய்ந்துக்காது."

"நைட்ல எங்க போவுது?"

"அந்த பிஸ்கட்டு கம்பெனி மரத்தாண்டதான். காலைல வரிக்கும் அங்கியே கெடக்கும்."

"இன்னா துன்னும்?"

"போட்டதத் துன்னும். கருவாடு இருந்தா ஒரு கை சாஸ்தி."

"மனுசாளைக் கண்டா இன்னா பண்ணும்?"

"முழிக்கும்."

சில்வெஸ்டர் அப்படியே எழுதினார். வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்கள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், 'அவர்' என்றும் சொல்லமாட்டார்கள். 'அது' என்பார்கள். அது தூங்குது, அது துன்னுது, அது சொன்னா கேக்காது. ஆகவே நானூற்றுப் பன்னிரண்டு படிவங்களில் எந்த வரியிலும் மனிதவாடை அடிக்கவில்லை.

சில்வெஸ்டருக்கு விஷயம் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் பதில் சொல்கிறவரின் வாக்கைத் திருத்தாதே என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவர் திருத்தவில்லை.

இதற்குள் உள்ளே அய்யாவு விழித்துக்கொண்டு, போர்வைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார். "யாரு, சில்வெஸ்டரா? தேவாங்கா கேக்குற? வூட்ல ஏதுப்பா? மரத்துல இருக்குது. பெருசு ரெண்டு, குட்டி ஒண்ணு."

ஒரு வீட்டுக்கு ஒரு பதில்தான். சில்வெஸ்டர் அதைப் படிவம் 217-இன் ஓரத்தில் சின்னதாகக் குறித்துக்கொண்டார். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் மரத்தைப் பற்றிப் பேசியவர் அந்த ஒருவர்தான். அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது அந்தக் குறிப்பு மற்ற எதனோடும் ஒத்துப்போகவில்லை. 'விலகி நிற்கும் தகவல்' என்று சிவப்பாகக் காட்டியது. விலக்கினார்கள்.

மற்றதெல்லாம் அழகாக ஒத்துப்போயின. பகலில் உறக்கம், இரவில் நடமாட்டம், மந்தமான அசைவு, பெரிய கண். புத்தகத்தில் உள்ள தேவாங்கோடு தொண்ணூற்றிரண்டு சதவீதப் பொருத்தம். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு நைட் ஷிப்டு கேப் ஓட்டுகிற தினேஷ் என்பவர், தம் அம்மா கொடுத்த தகவலின்படி, இரவில் பதினாறு கிலோமீட்டர் வலசை போய் விடியற்காலையில் திரும்புகிற முதல் தேவாங்கு என்று அடிக்குறிப்பில் பதிவானார். மேரியம்மா என்ற விதவை, "ஒண்ணு இருந்திச்சு, குடிச்சிக் குடிச்சி செத்துப்போச்சு" என்றதை 'நச்சு நீர் அருந்தியதால் உள்ளூர் அழிவு' என்று எழுதியிருந்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம். கன்னடம் பேசும் எட்டு வீடுகளில் கன்னடக் கேள்வித்தாள் கொடுத்திருந்தார்கள். அதில் தேவாங்குக்குக் 'காடுபாப' என்று போட்டிருந்தது. எட்டு வீட்டிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே தேவாங்குகள் தமிழ் பேசும் வீடுகளையே விரும்புகின்றன என்று ஒரு முடிவு தானாக வந்து நின்றது. டாக்டர் மஞ்சுநாத் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். எழுந்துபோய் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். திரும்பி வந்து அதை அடித்து நீக்கினார்.

"இது பேப்பருக்குப் போச்சுன்னா நாளைக்கு நம்ம கேட்டுல தமிழ், கன்னடம்னு ரெண்டு கட்சிக்காரங்களும் நிப்பாங்க."

*

மைசூரிலிருந்து திரும்பிய சங்கமித்ரா படிவங்களை எடுத்துப் படித்தாள். பத்தாவது படிவத்தில் சிரித்தாள். இருபதாவதில் சிரிப்பு நின்றது. நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், தேவாங்குன்னா தமிழ்ல திட்டறது. இவங்க எல்லாம் வீட்டுக்காரரைச் சொல்லியிருக்காங்க. மச்சினனைச் சொல்லியிருக்காங்க. இது நான் பஸ் ஸ்டாண்டுல தெனம் கேக்கற வார்த்தை சார்."

டாக்டர் மஞ்சுநாத் அவளை வருத்தத்தோடு பார்த்தார். "பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுத்தும் உனக்குச் சமூகத்தின் அறிவு மேல மரியாதை வரலையே."

"சார், இதுல ஒண்ணுக்கு பான்பராக் பழக்கம் இருக்குன்னு போட்டிருக்கு."

"நகரமயமாதல்" என்றார் அவர்.

அறிக்கை ஏற்கெனவே வெளிநாட்டு அறக்கட்டளைக்குப் போய்விட்டிருந்தது. அவர்கள் ஆனந்தத்தில் இருந்தார்கள். உலகத்திலேயே தேவாங்கு அடர்த்தி அதிகமுள்ள பேட்டையில் ஒரு 'தேவாங்கு விளக்க நிலையம்' கட்டப்போகிறார்கள். இடம்? பிஸ்கட் கம்பெனி காம்பவுண்டு. முதலாளி மனமுவந்து கொடுத்துவிட்டார். மார்ச் இருபதாம் தேதி பதினோரு மரத்தையும் வெட்டித் தரை சமன் செய்கிறார்கள்.

"சார், தேவாங்கு இருக்கறதே அந்த மரத்துலதான் சார்."

அவர் கணக்கைத் திருப்பிக் காட்டினார். "பாரு. வீட்டுல வாழறது தொண்ணூத்து நாலு சதவீதம். மரத்துல வாழறது பூஜ்யம் புள்ளி ரெண்டு. அதையும் விலக்கியாச்சு. மரத்துல வாழும்கறது பழைய ஆராய்ச்சி சங்கமித்ரா. அப்ப சமூகத்தைக் கேக்காம மரத்தை மட்டும் பாத்தாங்க."

அறக்கட்டளையோடு போட்ட ஒப்பந்தத்தை அன்று சாயங்காலம் எடுத்துக்கொண்டுபோய் அறையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். மரங்களுக்கு வேறு நாதியில்லை. முப்பத்தெட்டாம் பக்கத்தில் பதினான்காம் ஷரத்து இருந்தது. 'மதிப்பீட்டாளர் நேரில் கண்டு சரிபார்த்த விலங்கு இரவில் தங்கும் இடத்தில் ஒரு கிளையையும் ஒடிக்கக் கூடாது.'

மறுநாள் அதைக் காட்டியபோது டாக்டர் மஞ்சுநாத் பெருந்தன்மையாகச் சிரித்தார். "தாராளமா. மதிப்பீட்டாளர் பெட்டி அம்மா பதினெட்டாம் தேதி வர்றாங்க. காலைல பத்துலருந்து சாயங்காலம் நாலு வரைக்கும். அஞ்சு மணிக்கு ஏர்போர்ட். உன் மரத்துத் தேவாங்கை நடுவுல எப்ப வேணும்னாலும் காட்டு."

அது ஏழு மணிக்கு முன்னால் இலைக்குள்ளிருந்து மூக்கை நீட்டாது என்பது அவருக்கும் தெரியும். அலுவலக நேரத்தில் வராத விலங்குக்கு அரசாங்கமே ஒன்றும் செய்ய முடியாது.

"அப்ப அவங்க எதைச் சரிபார்க்கப் போறாங்க சார்?"

"217. பத்தொன்பது வருஷத் தொடர் தகவல். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கு. அந்தச் சந்து முனை வரைக்கும் கார் போகும். நீதான் மொழிபெயர்க்கறே."

சங்கமித்ரா ஒரு முடிவுக்கு வந்தாள். 217-ஆம் எண் வீட்டு வாசலில் நின்று உண்மையைச் சொல்லிவிடுவது. திட்டம் கவிழும், நிலையம் வராது, மரம் பிழைக்கும். தன் வேலை போகும். போகட்டும், தங்கவயலுக்குப் போகிற மாரிக்குப்பம் ரயில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

*

பதினெட்டாம் தேதி காலை பதினொன்றரைக்கு அவர்கள் சந்துக்குள் நுழைந்தார்கள். முன்னால் டாக்டர் மஞ்சுநாத், விரலை உதட்டில் வைத்தபடி. பின்னால் பெட்டி அம்மா. வெள்ளைக்காரர், ஐம்பத்தைந்து வயது, பருத்திப் பாவாடை, மிகவும் நல்லவர். பதினான்கு வருஷமாகப் பதினோரு தேசங்களில் திட்டங்களை மதிப்பிட்டு எதையும் குறை சொல்லாதவர். அவருக்குப் பின்னால் சங்கமித்ரா, சில்வெஸ்டர், கேமராவோடு குணசேகர். தேவாங்கு மிரண்டுவிடும் என்பதால் எல்லாரும் செருப்பைச் சந்து முனையிலேயே கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்.

சரசு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். தேவாங்கைப் பார்க்க ஆபீசர்கள் வருகிறார்கள் என்று மட்டும் சில்வெஸ்டர் சொல்லியிருந்தார். மூடின சுரங்கத்துக்கு ஏதோ நஷ்டஈடு கொடுக்கப்போகிறார்கள் என்று அவளாக முடிவு கட்டியிருந்தாள்.

"வாங்க வாங்க. இந்தம்மா பேரு இன்னா மித்ரா?"

"பெட்டி, அத்தை."

"பேரே பொட்டியா? பாவம், யார் வெச்சதோ. உக்காரச் சொல்லு."

"எங்கே அந்த விலங்கு?" என்று பெட்டி அம்மா கிசுகிசுப்பாக இங்கிலீஷில் கேட்டார்.

"அது எங்கன்னு கேக்கறாங்களா? தோ, இருக்குதே." சரசு மூலையில் இருந்த பாயைக் காட்டினாள். "காலைல வந்ததும் குளிக்க வெச்சி, தலைக்கு எண்ணெ வெச்சி, அப்பறந்தான் தூங்க வுட்டேன். வர்றவங்க எதுர்ல நாறக்கூடாது பாரு."

போர்வைக்கு வெளியே இரண்டு பெரிய பாதங்கள் தெரிந்தன.

டாக்டர் மஞ்சுநாத் அந்தப் பாதங்களைப் பார்த்தார். ஐந்து விரல். பிறகு சங்கமித்ராவைப் பார்த்தார். போன மாதம் அவள் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது போலிருந்தது. கையிலிருந்த ஷூவில் ஒன்று நழுவிக் கீழே விழுந்தது.

அந்தச் சத்தத்தில் போர்வை விலகியது. அய்யாவு எழுந்து உட்கார்ந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பெரிய கண்ணை இன்னும் பெரிதாக்கி, ஒவ்வொருவரையாக, அவசரமில்லாமல் பார்த்தார்.

"முழிக்குது பாருங்க" என்றாள் சரசு.

பெட்டி அம்மா சங்கமித்ராவின் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டம்மா என்ன சொல்கிறார்?"

சங்கமித்ரா உண்மையைச் சொன்னாள். "இதுதான் தேவாங்கு என்று சொல்கிறார்."

இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லவேண்டியிருந்தது. அதற்குள் டாக்டர் மஞ்சுநாத்துக்கு மூச்சு திரும்பிவிட்டது. முப்பது வருஷம் கருத்தரங்குகளில் அடிபட்டவர்.

"அதாவது," என்று இங்கிலீஷில் தொடங்கினார், "இங்கே சமூகம் விலங்கை வெளியே வைத்துப் பார்ப்பதில்லை. தங்களையே அந்த விலங்காக உணர்கிறது. குடும்பத்துக்கு ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்கிறார். இரவெல்லாம் விழித்திருக்கிறார். மனைவி அங்கீகரிக்கிறார். தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தரப்படுகிறது. கல்வி, பாதுகாப்பு, சமூகம்..." அவர் கை காற்றில் மூன்று வட்டம் போட்டது. விரல் நடுவில் வந்து நின்றது. அங்கே அய்யாவு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டி அம்மாவின் கண்கள் கலங்கின. பதினோரு தேசங்களில் அந்தப் படத்தைப் போல எத்தனையோ படம் பார்த்திருக்கிறார். நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்து இப்போதுதான் பார்க்கிறார்.

"சரிபார்ப்புப் படிவம்" என்று கையை நீட்டினார்.

சங்கமித்ரா படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது மேல் வரியைப் பார்த்தாள். 'நேரில் கண்டு சரிபார்க்கப்பட்ட விலங்கு.' அடுத்த வரி, 'இரவில் தங்கும் இடம்.' வாயில் தயாராக நின்ற இரண்டு வாக்கியத்தையும் விழுங்கினாள்.

"இவருக்கு இதில் சம்மதம்தானா என்று கேளுங்கள்" என்றார் பெட்டி அம்மா. "கையெழுத்து அவசியம்."

"இன்னா பாப்பா கேக்குது பொட்டியம்மா?" என்றார் அய்யாவு.

"நீங்க தேவாங்குதானான்னு கேக்குறாங்க, மாமா."

சரசு வாய் பொத்திச் சிரித்தாள். "ஒத்துக்கோ. பத்தொம்போது வருசமா நான் சொல்றேன், இன்னிக்கி வெள்ளக்காரம்மாவே வந்து கேக்குது. இன்னிக்காவது ஒத்துக்கோ."

"நீ சும்மா இருடி." அய்யாவுவின் முகம் இறுகியிருந்தது. "இன்னா பாப்பா இது? நாலு பேர இட்டாந்து வூட்ல வெச்சி அசிங்கப்படுத்துற?"

சங்கமித்ரா பாயின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாமா, நாளன்னிக்கு காம்பவுண்டு மரத்த வெட்டறாங்க. பதினொண்ணையும்."

"வெட்டறாங்களா? யாரு?"

"இவங்கதான். தேவாங்குக்கு ஆபீஸ் கட்ட."

அய்யாவு அதை இரண்டு மூன்று தடவை மனசுக்குள் திருப்பிப் பார்த்தது தெரிந்தது. "அதுங்க இருக்கற மரத்த வெட்டி அதுங்களுக்கு ஆபீஸா?"

"ஆமா. ஆனா நீங்க ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா, நைட்ல நீங்க இருக்கற எடத்துல ஒரு கிளையக்கூட ஒடிக்க முடியாது. சட்டம் மாதிரி எழுதி வெச்சிருக்காங்க."

"நைட்ல நான் அங்கதான இருக்கேன், டூட்டில."

"அதான் மாமா."

"அப்ப வாச்மேன்னு போடக் கூடாதா? வாச்மேன்தான நானு?"

"வாச்மேனுக்கு அந்த ரூல்ஸ் கெடையாது மாமா. தேவாங்குக்கு மட்டுந்தான்."

அய்யாவு படிவத்தையும் சங்கமித்ராவையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டி அம்மா, அந்தரங்கமான ஒரு சடங்கு நடக்கிறது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். குணசேகர் கேமராவை இறக்கினார்.

"குட்டி எப்பிடி இருக்குது, பாத்தியா?" என்று கடைசியில் கேட்டார் அய்யாவு. "முந்தாநாள்லருந்து அம்மா வயித்த வுட்டு முதுகுமேல ஏறிக்கிச்சி."

"பாக்கல மாமா. நீங்கதான் பாத்தீங்க."

"சரி, குடு." பேனாவை வாங்கினார். "சொரங்கத்துக்குள்ள இருக்கசொல்ல எலின்னாங்க. மேல வந்தா இது. எலிலருந்து தேவாங்கு, ஒரு படி மேல ஏர்றேன்னு வெச்சிக்க வேண்டியதுதான்." அ, ய், யா, வு என்று நிதானமாக, ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, தமிழில் போட்டார். அந்த வேகத்தைப் பெட்டி அம்மா பக்கவாட்டில் குறித்துக்கொண்டார்.

"இரவில் எங்கே தங்குகிறார்?"

சங்கமித்ரா மைய இயக்குநரைப் பார்க்காமலே படிவம் 217-ஐ வாசித்தாள். "பிஸ்கட் கம்பெனி காம்பவுண்டு. பதினோரு மரத்தடியில். காலை வரை."

டாக்டர் மஞ்சுநாத்தின் விரல் இன்னும் காற்றில் நடு வட்டத்தில்தான் இருந்தது. "இல்லை, அது வந்து, இவர் அங்கே உண்மையில்..." என்றவர் அப்படியே நின்றார். அய்யாவு தேவாங்கு இல்லை என்றால் மிச்சம் முந்நூற்று எண்பத்தாறும் இல்லை. வலசை போகிற தினேஷும் இல்லை. விரலை மடக்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

பெட்டி அம்மா கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பதினான்காம் ஷரத்தை அவரே வாய்விட்டு வாசித்தார். பிறகு அய்யாவுவின் கையைக் குலுக்கினார். "சுலபமில்லாத வாழ்க்கை" என்றார்.

"இன்னா சொல்லுது?"

"உங்களுக்குக் கஷ்டமான பொழப்புன்னு சொல்றாங்க, மாமா."

"அது நெசந்தான்" என்று அய்யாவு படுத்துப் போர்த்திக்கொண்டார்.

*

விளக்க நிலையம் மையத்தின் கார் ஷெட்டில் வந்தது. டாக்டர் மஞ்சுநாத்தின் கார் வெயிலில் நின்றது. சங்கமித்ராவை அவர் வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுத்தால் அவள் பேசுவாள். அதற்குப் பதிலாக ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்துவைத்தார். தலைப்பு: 'தென்னிந்திய நகரக் குடும்பங்களில் இல்லறத் தேவாங்கின் பங்கு'. மரத்துத் தேவாங்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுத முடியாது. எழுதினால் அது விலகி நிற்கும் தகவல். ஏழு பக்கக் குறிப்பு அவள் டிரங்குப் பெட்டியின் அடியில் போயிற்று.

காம்பவுண்டு வாசலில் பலகை நட்டார்கள். 'சரிபார்க்கப்பட்ட தேவாங்கு வாழிடம். கிளை ஒடிப்பது, கூச்சல் போடுவது, உணவு கொடுப்பது குற்றம்.' முதலாளி ஒரு செக்யூரிட்டி கம்பெனியிலிருந்து இளவயது ஆளைப் போட்டு அய்யாவுவை நிறுத்தப் பார்த்தார். சரிபார்த்த விலங்கை வாழிடத்திலிருந்து அகற்றக் கூடாது என்று பதினைந்தாம் ஷரத்து குறுக்கே வந்தது. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அய்யாவு தங்கவயலுக்குப் போக வேண்டுமென்றால் இடப்பெயர்ச்சி அனுமதி கேட்டு எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சில்வெஸ்டர் வந்து எடை போட்டுக்கொண்டு போவார். ஐம்பத்தோரு கிலோ. இனத்துக்கு மிக அதிகம், ஆனால் ஆரோக்கியமாகவே காணப்படுகிறது.

ஜூனில் ஒரு நாள், இருட்டத் தொடங்குகிற நேரம், சங்கமித்ரா காம்பவுண்டுக்குள் போனாள். பலகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் சேரில் அய்யாவு உட்கார்ந்திருந்தார். புங்க மரத்தில் பெரியவை இரண்டும் கொஞ்சம் தள்ளித்தள்ளி உட்கார்ந்திருந்தன. நடுவில் குட்டி, முதல் தடவையாகத் தனியாக, அடுத்த மரத்துக் கிளைக்கு ஒரு கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, இந்தக் கையை விடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"அரை மணி நேரமா அப்பிடியே இருக்குது" என்றார் அய்யாவு கழுத்தை நிமிர்த்தியபடி. "வுடாத கண்ணு, அவசரமில்ல."

கேட்டுக்கு வெளியே தூக்குவாளியோடு சரசு வந்து நின்றாள். உணவு கொடுப்பது குற்றம் என்ற வரிக்குக் கீழேயே நின்று கம்பியைத் தட்டினாள்.

"ஏ தேவாங்கு!"

நான்கு தலையும் திரும்பின.

சங்கமித்ரா நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தேதியைப் போட்டு, நேரத்தைப் போட்டு, எண்ணிக்கை என்ற இடத்தில் நான்கு என்று எழுதினாள்.